பேர் வந்தால்தான் ஊர் டீசல்

கார்த்திகை 5, வெள்ளி

இதையெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னவன். முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பிற்பாடு எவனும் வந்து மறுக்கக் கூடாது.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறதென்று வானிலை மையம் இன்று மதியம்தான் சொன்னது. நான் நேற்றே சொன்னேன். என் இடது முழங்கால் அப்படிப்பட்ட கருவி. நேற்று சாயந்திரம் அக்கா மகன் இளஞ்செழியன் படகை இறக்கும்போது கையைப் பிடித்துச் சொன்னேன்: "போவாதடா மாப்ள, இது நல்லதுக்கில்ல." கேட்டானா? சிரித்துக்கொண்டே போனான். மூன்று ஆட்களோடு, மூன்று நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கலுக்கு. இந்தக் காலத்துப் பையன்கள் பெரியவர்கள் பேச்சை எங்கே கேட்கிறார்கள்!

இந்த டைரி போன வருஷத்தது, கேஸ் ஏஜென்சியில் கொடுத்தது. கிழமை ஒத்துவரவில்லை, அடித்துத் திருத்திக்கொண்டேன். நாளைக்கு அதிகாரிகள் வந்து, "இந்தப் புயலை முதலில் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் கையில் ஆதாரம் வேண்டுமல்லவா?

என்னைப் பற்றி: பெயர் கலியபெருமாள். நல்லாங்குப்பத்தில் படகுகளோடு பேசும் வயர்லெஸ் மைக் என் பொறுப்பில் இருக்கிறது. எட்டாவது வரை படிப்பு. எட்டாவதில் பாதி. ஆனால் அந்தக் காலத்துப் பாதி எட்டாவது இப்போதைய காலேஜுக்குச் சமம். ஊரில் என்னை ரேடியோ என்று கூப்பிடுவார்கள், மரியாதையாகத்தான்.

இன்று ஏழு படகு கடலில். கரைக்குத் திரும்பச் சொல்லி மீன்வளத் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. மைக்கில் கணீரென்று வாசித்தேன். ஏழு படகும் ஒரே கேள்விதான் கேட்டன: "பேர் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப வந்தப்புறம் சொல்லு."

இது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. வெளியூர்க்காரர்களுக்குப் புரிய எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரே மழைக்காலத்தில் ஐந்து முறை தாழ்வு மண்டலம் என்றார்கள். ஐந்து முறையும் வலையை வாரிக்கொண்டு ஓடிவந்தோம். ஐந்து முறையும் தூறல்கூட இல்லை. டீசல் போனதுதான் மிச்சம். ஊர்க் கூட்டத்தில் எல்லாரும் திட்டிக்கொண்டிருக்க, நான் எழுந்து ஒரே கேள்வி கேட்டேன்: "பேர் வைக்காத புள்ளயை எவனாவது பள்ளிக்கூடத்துல சேப்பானா? பேர் வைக்காத புயலை நாம மட்டும் ஏன் புயலுன்னு ஒத்துக்கணும்?" கைத்தட்டல் அடங்க அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கே முடிவானது: புயலுக்குப் பேர் வந்த பிறகு வலையை அறுத்துப் போட்டுத் திரும்புகிற படகுக்கு ஊர்ப் பொதுவிலிருந்து டீசல். பேர் வராமல் திரும்பினால் அது அவனவன் பாடு. பேர் வந்தும் திரும்பாதவனை அடுத்த ஒரு மாதம் கடலில் இறங்க விடமாட்டார்கள்.

முழுக்க முழுக்க என் யோசனை.

மற்றபடி, ஆன்டெனா கம்பத்தின் சுழல் இறுகிவிட்டதென்று லுமாரா கிரீஸ் ஒரு டப்பா வாங்கிவந்தேன். நீல டப்பா, மூடியில் பாய்கிற குதிரை. தடவியதும் கம்பம் வெண்ணெயாகச் சுற்றுகிறது. சாயந்திரம் அக்கா தையல்நாயகி வந்து வாசலிலேயே நின்று என்னிடம் ஏதோ கேட்டாள். அது குடும்ப விஷயம், இங்கே தேவையில்லை.

கார்த்திகை 6, சனி, காலை

தாழ்வு மண்டலம் இப்போது ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது. இதையும் சொன்னேன்.

கடல் அடியிலிருந்து பொங்குகிற மாதிரி இருக்கிறது. மேலே காற்று அதிகமில்லை, ஆனால் அலை கரையை அறைகிற சத்தம் மைக் கொட்டகைக்குள் கேட்கிறது. நாய்கள் மணலில் படுக்காமல் ரோட்டுக்குப் போய்விட்டன.

செழியன் மனைவி செந்தாமரை விடிந்ததிலிருந்து கொட்டகையில்தான் இருக்கிறாள். முறைப்படி நான் அவளுக்குச் சித்தப்பா. பிளஸ் டூ வரை படித்தவள், வானிலை அறிக்கையை மணிக்கொரு முறை போனில் பார்க்கிறாள். அவளுக்குத் தைரியம் வரட்டுமென்று, புயலுக்குப் பேர் வைப்பது எப்படி என்று விளக்கினேன். பதிமூன்று நாட்டு மந்திரிகள் ஒரு வட்ட மேஜையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் சீட்டு குலுக்குவார்கள். புயலைப் பார்த்து, அதன் குணத்துக்கு ஏற்றபடி ஒரு பேர். நான்கூட ஒரு தபால் கார்டில் 'கலியன்' என்று எழுதிப் போட்டிருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது.

"அப்படியெல்லாம் இல்ல சித்தப்பா" என்றாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதிமூணு நாடும் ஆளுக்குப் பதிமூணு பேரை எப்பவோ குடுத்தாச்சு. வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. புயலைப் பாத்துல்லாம் வைக்கிறதில்ல. வரிசையில அடுத்தது எதுவோ அதுதான்."

"சரி, அந்த அடுத்த பேரை எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே? என்ன நல்ல நேரம் பாக்குறாங்களா?"

"காத்து மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டரைத் தொட்டாத்தான் டெல்லியில பேர் குடுப்பாங்க. அதுக்குக் கீழே இருந்தா வெறும் மண்டலம்தான்."

"இப்ப எவ்வளவு?"

"அம்பத்தஞ்சு."

"இன்னும் ஏழுதானே? வந்துடும்."

அவள் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "வராமலும் போவலாம்னு போட்டிருக்கான் சித்தப்பா. இப்படியே கரையைக் கடந்தாலும் கடக்கலாமாம். அப்படிக் கடந்தா இதுக்குப் பேரே கிடையாது. அலை மட்டும் பனை மட்டத்துக்கு வரும்."

பனை மட்டம் என்பது அவள் சொந்தச் சரக்கு. அறிக்கையில் மீட்டர் கணக்குதான் இருந்தது. என்னோடு பழகுகிற எல்லாருக்கும் இது தொற்றிக்கொள்கிறது.

மைக்கில் செழியன் கிடைத்தான். முப்பது பாகம், அதாவது முப்பது ஆள் ஆழத்தில் நிற்கிறானாம். வலையில் வஞ்சிரம் விழுந்துகொண்டே இருக்கிறதாம்.

"மாமா, தண்ணி ஒரு தினுசா தூக்குது. பேர் வந்துச்சா?"

"இல்லடா. பேர் வல்லன்னாலும் நீ திரும்பிடு."

"என்ன மாமா, நீயே இப்புடி சொல்ற? நீதானே அன்னிக்கு..."

மீதி இரைச்சலில் கேட்கவில்லை. வானிலை கெட்டால் மைக்கும் கெடும்.

சனி, மதியம்

வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த நாள். நிதானமாக எழுதுகிறேன்.

பதினொரு மணி வாக்கில் காற்று திரும்பியது. கொட்டகையின் தகரம் ஒரு பக்கம் எழும்பி எழும்பி அடித்தது. அக்கா வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புள்ளைய கூப்புடுடா கலியா."

"கூப்பிட்டுப் பாத்துட்டேன்க்கா. பேர் இல்லாம வரமாட்டேங்குறானுவ. வலையை அறுத்தா நட்டம், ஊர்லேருந்து டீசலும் கிடையாது. ஒருத்தனும் மொதல்ல கிளம்ப மாட்டான்."

"இந்தச் சட்டத்தை எந்தப் புத்திசாலி போட்டான்?"

நான் தகரம் அடிப்பதைப் பார்த்தேன். செந்தாமரை, "அம்பத்தஞ்சுலயே நிக்குது" என்றாள். காலையிலிருந்து இதை எத்தனை முறை சொல்லிவிட்டாள்!

அந்த நேரத்தில்தான் எனக்கு டெல்லியிலிருந்து தகவல் வந்தது. எப்படி வந்தது என்பது ராஜாங்க ரகசியம், எழுதக் கூடாது. நான் மைக்கை எடுத்தேன்.

"எல்லா படகுக்கும். எல்லா படகுக்கும். கலியபெருமாள் பேசுறேன். புயலுக்குப் பேர் வந்தாச்சு. வலையை அறுத்துட்டுக் கெளம்புங்க. ஊர் டீசல் உண்டு. பேர் வந்தாச்சு."

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம் மட்டும். பிறகு செழியன் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"நெசமாவா மாமா? என்னா பேரு?"

மேஜையில் டீ கிளாஸ் இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, நேற்று வாங்கிய டப்பா இருந்தது.

"லுமாரா" என்றேன்.

"எந்த நாட்டு பேரு?"

"ஓமன்டா."

குறுக்கே பக்கிரிசாமியின் குரல் வந்தது. தன் படகில் தானே போகிற ஆள், சந்தேகப் பிராணி. "அப்படின்னா என்னய்யா அர்த்தம்?"

"வெறி புடிச்ச குதிரைன்னு அர்த்தம்! வியாக்கியானம் கேக்குற நேரமாய்யா இது? அறுத்துட்டு வாய்யா!"

"அறுக்குறேன் மாமா" என்றான் செழியன். அதற்குப் பிறகு அவன் மைக்கில் வரவில்லை.

நான் திரும்பியபோது செந்தாமரை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை, அதிலிருந்த குதிரையை. பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஊர்த் தலைவர் குப்புராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னய்யா ரேடியோ, பேர் வந்துடுச்சுங்குற? டிவியில ஒண்ணும் சொல்லலியே. செந்தாமர, ஒம் போன்ல பாரும்மா, வந்திருக்கா?"

அவள் போனைத் தடவினாள். மேலே, கீழே. என் நெஞ்சு தகரத்தைவிட மோசமாக அடித்தது. மழைநாள் படபடப்பு, வேறொன்றுமில்லை.

"வந்திருக்குங்க" என்றாள். "லுமாரா."

தலைவர் டீசலுக்குச் சொல்லிவிட ஓடினார். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேஜையிலிருந்த டப்பாவை எடுத்து, பழைய வலைக்கு அடியில் தள்ளினாள்.

சனி, சாயந்திரம்

ஆறு படகு கரைக்கு வந்துவிட்டன. பக்கிரிசாமி படகு ஐந்தாவதாக வந்தது. கரைக்குப் பக்கத்தில் அலை அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட, நாற்பது பேர் கயிறு போட்டு இழுத்தோம். கயிற்றின் முதல் ஆள் நான். மணலில் விழுந்தவன், "குதிரை இல்லய்யா இது, யானை" என்றான்.

செழியன் படகு வரவில்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

விடிந்துவிட்டது. வரவில்லை.

மைக்கில் பதில் இல்லை. மற்ற படகுக்காரர்கள், அவன் வலையை அறுத்ததைக் கண்ணால் பார்த்தார்களாம். முன்னால் கிளம்பியதும் அவன்தானாம். பிறகு மழைத் திரை இறங்கிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முன்னால் கிளம்பியவனை இன்னும் காணோம்.

மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவலுக்கும் தகவல் சொன்னோம். கேட்டதை எழுதிக்கொண்டார்கள். படகின் நிறம் கேட்டார்கள். நீலம் என்றேன். பச்சை என்று செந்தாமரை திருத்தினாள். நான்கு வருஷமாகத் தினமும் பார்க்கிற படகு.

அக்கா கோயில் வாசலில் நிற்கிறாள். குடை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத முடியாது.

கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்: "நான் அன்னிக்கே கையைப் புடிச்சு சொன்னேன், போவாதன்னு." இரண்டு பேர் தலையாட்டினார்கள். மூன்றாவது ஆள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பிடவில்லை. எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஞாயிறு, பிற்பகல்

வந்துவிட்டான்.

தெற்கே, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், தார்ப்பாயைப் பாயாகக் கட்டிக்கொண்டு ஒரு படகு தெரிகிறதென்று யாரோ கத்தினார்கள். நான் ஓடினேன். என் முழங்காலுக்கு என்ன வயதென்று அதற்கே மறந்துபோயிற்று. பச்சைப் படகு. நான்கு தலை. எண்ணினேன், மறுபடி எண்ணினேன், நான்கு.

இன்ஜினில் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டதாம். மைக் பேட்டரி நனைந்துபோயிருக்கிறது. ஒருவனுக்கு முன்கை ஒடிந்திருக்கிறது. செழியனின் உதடு வெள்ளையாக இருந்தது. அக்கா அவனை அடித்தாள், நன்றாக, முதுகில், பத்து அடிக்குக் குறையாது. பிறகுதான் கட்டிக்கொண்டாள். செந்தாமரை பக்கத்தில் போகவே இல்லை. தூரத்தில் மணலில் உட்கார்ந்து வாயைப் புடவையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்து, "கொஞ்சம் முந்தி பேர் வெச்சிருக்கக் கூடாதா மாமா?" என்றான். பல் கிடுகிடுத்தது.

"ஓமன்காரன் லேட்டு பண்ணிட்டான்டா" என்றேன்.

கார்த்திகை 8, திங்கள்

நேற்று சாயந்திரம் கரையைக் கடந்துவிட்டது. ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவேதான் கடந்ததாம். கரையில் கட்டிவைத்த படகில் மூன்று உடைந்தன. மீன் ஏலக் கொட்டகை இல்லை. அது இருந்த இடமும் இல்லை. மைக் கொட்டகையின் தகரம் பள்ளிக்கூட மைதானத்தில் கிடக்கிறது.

கடைசி வரை டெல்லி பேர் கொடுக்கவில்லை. டிவியில் திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்கிறார்கள்.

சத்தத்தைக் குறைத்து வைத்தேன். பக்கத்து வீட்டில் கூட்டி வைத்தார்கள்.

கார்த்திகை 10, புதன்

ஊர்க் கூட்டம். கோயில் முன்னால்.

டப்பா நடுவில் வைக்கப்பட்டிருந்தது. கொட்டகைக் குப்பையை ஒதுக்கும்போது பக்கிரிசாமி கையிலேயேதான் அது சிக்க வேண்டுமா? கழுவித் துடைத்து, குதிரை எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருந்தான்.

"ஓமன் நாட்டுப் புயலு" என்றான். "எல்லாரும் கும்புட்டுக்குங்க."

சிரிப்பு. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. பக்கிரிசாமி சிரிக்கவில்லை.

"போன மாசம் வாங்குன வலை. ஒரு கிரீஸ் டப்பாவுக்காக அறுத்துப் போட்டேன். யாருகிட்ட போயி கேக்குறது?"

"அறுக்காம இருந்திருந்தா நீ கேக்கவே வந்திருக்க மாட்ட" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அவன் சம்சாரம்தான்.

தலைவர் செந்தாமரையைக் கேட்டார்: "நீயும் போன்ல பாத்து வந்திருக்குன்னியே தாயி?"

அவள் எழுந்து நின்றாள். "பொய்தான் சொன்னேன். டெல்லியில காத்து இன்னும் ஏழு கிலோமீட்டர் ஏறட்டும்னு காத்திருந்தாங்க. எனக்கு அந்த ஏழு வரைக்கும் பொறுமை இல்ல. தப்புன்னா அபராதம் போடுங்க." உட்கார்ந்துவிட்டாள்.

பக்கிரிசாமி விடுவதாயில்லை, என் பக்கம் திரும்பினான். "அதெல்லாம் இருக்கட்டும். பேர் இல்லன்னா பயமில்லன்னு சட்டம் போட்டது யாரு? இந்த ரேடியோதானே? வியாழக்கெழம நாங்கள்லாம் மதியமே போயிட்டோம். கடைசியா செழியன் படகு நின்னுச்சு. அதை யாருய்யா அனுப்புனது? இந்த ஆளு கரையிலதானே நின்னாரு?"

எல்லா முகமும் என் மேல். அக்கா முகமும். நான் வாயைத் திறந்தேன். ஆச்சரியம், ஒன்றும் வரவில்லை. ஐம்பத்தெட்டு வருஷத்தில் இது முதல் தடவை.

செழியன் எழுந்தான். "மாமா போவாதன்னுதான் சொன்னாரு. கையைப் புடிச்சு சொன்னாரு. நான்தான் கேக்கல." சொல்லிவிட்டு உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தலைவர் தீர்ப்பு சொன்னார். இனிமேல் பேருக்குக் காத்திருப்பது கிடையாது. திரும்பு என்று முதல் அறிவிப்பு வந்தாலே திரும்ப வேண்டும், ஊர் டீசல் உண்டு. அறுத்த வலைகளுக்குப் பொதுவிலிருந்து பாதி. கலியபெருமாள் மைக்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வானிலை மையம் சொல்வதை மட்டும் வாசிக்க வேண்டும், சொந்தமாக ஓர் எழுத்து சேர்க்கக் கூடாது.

கடுமையான தண்டனைதான்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முழங்கால் சொன்னது உண்மை. கைத்தட்டல் அரை மணி நேரம் நீடித்ததும் ஏறக்குறைய உண்மை. கயிற்றின் முதல் ஆளாக நான் இருந்தேனோ, இரண்டாவதோ. லுமாராவை ஊரே அறியும், அதை மறைக்க இனி என்ன இருக்கிறது?

முதல் பக்கத்தில் ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது.

நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. அன்றைக்குத் தயங்கி நின்றவன் அவன்தான். "மாமா, கெழக்கால மேகம் ஒரு மாதிரியா இருக்கே, நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்று கேட்டான். "பேர் வரட்டும்டா, அப்புறம் பயந்துக்கலாம்" என்று சிரித்தது நான். சிரித்துக்கொண்டே படகின் பின்பக்கம் தோள் கொடுத்து, முதல் அலையைத் தாண்டும் வரைக்கும் தள்ளிவிட்டதும் நான்தான்.